மழை நாளும் ஒற்றையாள் சீட்டும்

ரப்பர் மரத்தின் பட்டை நனைந்திருந்தால், பால் வெட்டுக்கோட்டின் வழியே கோப்பைக்கு இறங்காமல் மரமெங்கும் வழிந்து வீணாகிவிடும். ஆகையால் விடியற்காலையில் மழை பிடித்துக்கொண்டால் பெரட்டு என்ற காலை ஆள்கணக்கெடுப்பு கலைந்து ஜனங்கள் லயத்துக்குத் திரும்புவார்கள், செக்ரோல் புத்தகத்தில் அவர்கள் பெயருக்கு நேரே உள்ள கட்டங்களை நான் வெறுமையாக விட்டுவிடுவேன். நெகிரி செம்பிலானில், லிங்கி ஆற்றுப் பக்கத்துத் தோட்டமொன்றில், 1948இல் பிறந்த அவசரகாலச் சட்டம் இன்னும் அமலில் இருந்தபோது, சின்னக் கிராணியாக, அதாவது இளைய குமாஸ்தாவாக, நான் உத்தியோகம் பார்த்த காலம் அது. இருட்டினால் ஊரடங்கு, கம்பி வேலிக்குள் அவரவர் வீட்டில் அவரவர். ரம்மிக்கோ முந்நூற்று நாலுக்கோ ஆள் சேராத அந்த இரவுகளில்தான், ஒரே கூரையின் கீழ்க் குடியிருந்த யாழ்ப்பாணத்துப் பெரிய கிராணி, துரைமார்கள் 'பேஷன்ஸ்' என்று வழங்கும் ஒற்றையாள் சீட்டை எனக்குக் கற்பித்தார்.

52 சீட்டுகளில் 28ஐ ஏழு வரிசையாகப் பரப்பி, ஒவ்வொரு வரிசையிலும் கடைசிச் சீட்டை மட்டும் நிமிர்த்தி, கறுப்பின்மேல் சிவப்பும் சிவப்பின்மேல் கறுப்புமாக இறங்குமுகத்தில் அடுக்க வேண்டும். விதிகள் அரைமணியில் வந்துவிட்டன. தோற்கத்தான் நெடுநாள் பழக வேண்டியிருந்தது. மற்ற ஆட்டங்களில் குறைசொல்ல எதிரே ஒருவன் இருப்பான். இங்கே யாருமில்லாமையால், கட்டுமேல் பழி போட்டு, "சீட்டு சரியில்லை ஐயா" என்பேன்.

ஒரு நாள் அவர் கவிழ்ந்த சீட்டுகளை ஒவ்வொன்றாகத் திருப்பிக் காட்டினார். கிளாவர் எட்டின்மேல் வைக்க, இரண்டாம் வரிசையில் ஆட்டின் ஏழும், ஆறாம் வரிசையில் டைமன் ஏழும் காத்திருந்தன. கைக்கு எளிதென்று நான் இரண்டாம் வரிசையை எடுத்தேன். ஆறாவதில் டைமன் ஏழுக்கு அடியிலேயே, ஜெயிக்க முதலில் வெளிவர வேண்டிய கிளாவர் ஆஸ் புதைந்து கிடந்தது. "சீட்டில பிழையில்லைத் தம்பி. நீர்தான் அவசரப்பட்டிட்டீர்," என்றார்.

மீதிச் சீட்டுகளை மூன்று மூன்றாகப் புரட்டும் இந்த ஆட்டத்தில், கவிழ்ந்தவையெல்லாம் முன்கூட்டியே தெரிந்திருந்தால் 100க்கு ஏறத்தாழ 82 கட்டுகளை ஜெயிக்கலாம் என்று பிற்காலத்தில் கணிப்பொறி வைத்துக் கணக்கிட்டார்கள். பெரிய கிராணி பக்கமே நியாயம் என்று சந்தோஷப்பட்டேன்; ஆனால் 'தெரிந்திருந்தால்' என்ற அந்த ஒரு சொல் அப்புறம் என்னை விடவில்லை.

அடைமழை பிடித்த ஒரு மாதக் கடைசியில், பால்வெட்டுக்கார அம்மாள் ஒருத்தி ஆபீஸ் ஜன்னலண்டை வந்து, "கிராணி ஐயா, எத்தனை பேரு விழுந்திருக்கு?" என்று கேட்டாள். வேலை செய்த ஒரு நாளுக்கு ஒரு 'பேர்' என்பது தோட்டத்துக் கணக்கு. பதினாறு என்றேன். விரற்கணுவில் இருமுறை எண்ணிப் பார்த்துவிட்டு, "எல்லாம் தலையெழுத்து" என்று போய்விட்டாள். நீதான் அவசரப்பட்டாய் என்று அவளிடம் எவன் சொல்லுவான்?

அன்றிரவு, எப்படி ஆடினாலும் ஜெயிக்க முடியாத கட்டும் உண்டா என்று பெரிய கிராணியைக் கேட்டேன்.

"இருக்கு," என்றவர், இம்முறை எதையும் திருப்பிக் காட்டாமல் சீட்டுகளை வாரி அடுக்கினார். தகரக் கூரையில் மறுபடி மழை இறங்கியது; விடிந்தால் எத்தனை கட்டங்கள் வெறுமையாகும் என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.