ஆளும் பொருளும்

சட்ட சாஸ்திரம் பயிலப் புகும் மாணாக்கனுக்கு முதன்முதலாகக் கற்பிக்கப்படுவது பாகுபாடு. பொதுச் சட்டம், தனியார் சட்டம் என்றும், குடியியல், குற்றவியல் என்றும் இரண்டிரண்டாகப் பிரித்துக்கொண்டே போகும் அந்தப் பாடம் உயிரற்ற ஜாபிதாவாகத் தோன்றினாலும், இலங்கை மலையகத்துப் பூண்டுலோயாக் கடைவீதியில் சற்று நேரம் நின்றால் அதற்கு உயிர் வந்துவிடும். மரணசாஸனம் எழுதாமல் அவ்வீதியில் நால்வர் இறந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். கண்டியச் சிங்களவரின் சொத்தைக் கண்டியச் சட்டமும், யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கடை வைத்தவரின் சொத்தை 1707இல் ஒல்லாந்தர் நடைமுறைக்குக் கொணர்ந்த தேசவழமையும், முஸ்லிம் வியாபாரியின் சொத்தை 1931ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டமும், தோட்டத் தொழிலாளியின் சொத்தை 1876ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டமும் பங்கிடும். தொழிலாளியின் மனைவிக்குப் பாதி. பிள்ளைகளுக்கு, ஆண் பெண் என்ற பேதமின்றி, மறுபாதி. நால்வருள் அவர் குடும்பத்துக்கு வாய்த்த சட்டமே சமத்துவத்தில் முந்தி நிற்பது என்று சொல்லலாம். பங்கிடுவதற்கு அவரிடம் ஏதேனும் நிலம் இருந்ததா என்பது வேறு விஷயம்.

இத்தனை பாகுபாடுகளுக்கும் மூலமான பாகுபாடு ஒன்று உண்டு. ரோமாபுரியின் சட்ட வல்லுநரான காயஸ், கி.பி. இரண்டாம் நூற்றாண்டில், சட்டம் முழுவதையும் ஆள், பொருள், வழக்கு என்னும் மூன்றனுள் அடக்கினார். உரிமை கொள்பவன் ஆள். உரிமைக்கு உட்படுவது பொருள். உரிமையை நிலைநாட்டும் வழி வழக்கு. இந்த அழகிய ஏற்பாட்டில் அடிமை ஒருவன் மட்டும் இரண்டு அத்தியாயங்களிலும் அகப்பட்டுக்கொள்கிறான்: மனிதர் யாவரும் சுதந்திரர் அல்லது அடிமைகள் என்னுமிடத்தில் ஆளாகவும், நிலத்தோடும் மாட்டோடும் சேர்த்து எண்ணப்படுமிடத்தில் பொருளாகவும். ஆளை ஆளாக்குவது சட்டந்தானா, அன்றி முன்னமே ஆளாய் இருப்பவனைச் சட்டம் கண்டுகொள்கிறதா என்ற தத்துவ விசாரம் அந்த அடிமையிடமிருந்தே தொடங்குகிறது.

நமது பெரிய புராணத்திலும் அப்படியொரு வழக்கு வருகிறது. புத்தூர் மணப்பந்தலில் வந்து நின்ற கிழவேதியர், மணமகனாகிய நம்பியாரூரரைத் தமக்கு வழியடிமை என்று வாதிட்டு ஆள் ஓலையை நீட்ட, அவர் அதைப் பறித்துக் கிழித்தெறிய, வழக்கு திருவெண்ணெய்நல்லூர்ச் சபைக்குப் போகிறது. அந்தணர் அந்தணருக்கு அடிமையாதல் உலகில் இல்லையே என்று சபையார் முதலில் தடை சொல்கிறார்கள். பிறகு, ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி என்னும் மூன்று பிரமாணங்களுள் ஒன்றால் நிரூபிக்க வேண்டுமென்று விதிக்கிறார்கள். கிழிந்தது படியோலை என்று கூறிக் கிழவர் மூல ஓலையை எடுத்து வைக்கிறார். பாட்டனார் தம்மையும் தம் சந்ததியையும் எழுதிக் கொடுத்த அந்த ஓலையின் எழுத்தைக் காப்பிலிருந்த வேறோர் ஓலையோடு ஒத்துப் பார்த்த பின்னரே தீர்ப்பு வழங்கப்படுகிறது. இதைப் பக்திச் சுவைக்காக மட்டும் படிப்பவர்கள் ஒன்றைத் தவறவிடுகிறார்கள்: வாதியாக வந்தவர் சர்வேசுவரன், அவர்கூடச் சபையின் பிரமாண விதிக்கு விலக்குப் பெறவில்லை. தோற்றவருக்கு அந்தத் தோல்வியே முக்தி மார்க்கமாயிற்று. பாட்டனின் ஓலை பேரனைக் கட்டுவது எல்லோருக்கும் அவ்வாறு வாய்ப்பதில்லை.

இந்தியாவிலிருந்து வந்த தோட்டத் தொழிலாளருக்கு மலைநாட்டிலும் ஆள் ஓலைகள் இருந்தன. 1865ஆம் ஆண்டின் சேவை ஒப்பந்தக் கட்டளைச் சட்டத்தின்படி, முன்னறிவித்தலின்றித் தோட்டத்தை விட்டுப் போன தொழிலாளியைச் சிறைக்கு அனுப்பலாம். ஒப்பந்தத்தை மீறுவது குடியியல் விவகாரம், அதற்குப் பரிகாரம் நஷ்டஈடு என்று முதல் வகுப்பிலேயே சொல்லிக்கொடுக்கிறார்கள். தேயிலைத் தூரடியில் அந்தப் பாகுபாடு செல்லுபடியாகவில்லை. கங்காணியின் கடனைக் கட்டினால் ஆளை விடுவிப்பதாகத் துரை எழுதிக் கொடுத்த ‘துண்டு’ இல்லாமல் அடுத்த தோட்டத்தில் பேர் பதிய முடியாது. 1921இல் ஒழிக்கப்படும்வரை அந்தக் காகிதத்தில் ஆளும் கடனும் ஒரே வரியில் கிடந்தன.

சுதந்திரம் வந்தது, இன்னும் கடுமையான ஓலையைக் கேட்டது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், அவ்வாண்டு நவம்பர் 15ஆம் திகதிக்கு முன் இலங்கையில் பிறந்தவர்கூட, தம் தகப்பனாரும் இங்கே பிறந்தவர் என்று, அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர்கள் என்று காட்டினாலன்றி, வம்சாவளிப் பிரஜையாக முடியாதென்றது. அதிகாலைப் பிரட்டில் பேர் கூப்பிட்டு, கொழுந்தின் நிறை குறைந்தால் அரைப்பேர் போட்டு, நாள் தவறாமல் எழுதிவந்த செக்ரோல் என்னும் வேலைப் பதிவேட்டில் அந்தப் பூட்டனின் உழைப்புப் பதிந்திருக்கலாம். பிறந்த இடம் பதிந்திராது. சபையார் கேட்ட மூன்றனுள் ஆட்சியும் காட்சியும் தள்ளுண்டு, ஆவணமே எஞ்சிற்று. 1947 தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றிருந்தது. பூண்டுலோயாவுக்கு அருகிலுள்ள தலவாக்கலையின் பிரதிநிதியாக எழுத்தாளர் சி.வி. வேலுப்பிள்ளை பாராளுமன்றம் சென்றிருந்தார். பிரஜையல்லாதாரை வாக்காளர் இடாப்பிலிருந்து விலக்கிய 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின்பின், 1952 தேர்தலில் அந்த வாக்காளர் பெரும்பாலோருக்கு வாக்கில்லை.

எந்தவொரு சமூகத்தவர்மேலும் பிறருக்கில்லாத தடையை விதிக்கலாகாது என்று அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு கூறியிருந்தது. அதை நம்பித் தொடுத்த கோடக்கன்பிள்ளை வழக்கு 1953இல் இறுதி மேன்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்ஸிலில் தோற்றது. இது பிரஜாவுரிமையைப் பற்றிய சட்டம், சமூகத்தைப் பற்றியதன்று. இந்தியத் தமிழரின் இடம்பெயரும் பழக்கம் பிரஜைக்குரிய தகுதியைப் பற்றியது, சமூகம் என்ற முறையில் அவர்களைப் பற்றியதன்று என்பது தீர்ப்பின் சாரம். பாகுபாட்டின் பின்னால் நீதி ஒளிந்துகொண்டதற்கு இதைவிடத் தெளிவான உதாரணத்தை நான் அறியேன். வேடிக்கை என்னவென்றால், இதே பிரிவி கவுன்ஸில் 1925இல், கல்கத்தாவின் மல்லிக் குடும்பத்து வழக்கில், இந்து விக்கிரகம் சட்டத்தின் கண்ணில் ஓர் ஆள், தான் எங்கே வீற்றிருப்பது என்பதில் அதன் சித்தத்துக்கு மதிப்பளிக்க வேண்டும் என்று தீர்ப்பளித்திருந்தது. சந்நிதியில் நின்று கும்பிடுகிறவனின் சித்தத்தை விசாரிக்க எந்தப் பிரிவிலும் இடமிருக்கவில்லை.

நீதியின் கருவாகிய சமத்துவத்தை வேண்டுமென்றே நிராகரித்து இயற்றப்பட்டது பிழையான சட்டம் மட்டுமன்று, சட்டமென்னும் தன்மையே அற்றது என்று ஜெர்மானிய அறிஞர் ராட்புருக் 1946இல், ஹிட்லர் ஆட்சியின் சாம்பல் ஆறுமுன், எழுதினார். மனம் அந்தப் பக்கமே சாய்கிறது. ஆயினும் என்னால் அதை முற்றும் ஒப்ப முடியவில்லை. 1948இன் சட்டம் சட்டமே அன்று என்று சொல்லிவிட்டால், அதற்குக் கை தூக்கியவர்களும், அதை எழுத்துப் பிசகாமல் நிறைவேற்றிய உத்தியோகஸ்தர்களும், ஆமோதித்த நீதிபதிகளும் ஏதோ கள்ள நோட்டைக் கையாண்டவர்கள் ஆகி, பொறுப்பினின்று தப்பிவிடுகிறார்கள். அது அசல் நோட்டு. முறைப்படி விவாதிக்கப்பட்டு, வாக்கெடுக்கப்பட்டு, முத்திரையிடப்பட்ட சட்டம். அதனாலேயே அதன் அதர்மம் கனமானது.

1964 அக்டோபர் 30இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் நாடற்ற 9,75,000 பேரைக் கணக்கெடுத்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் பிறகு பேசித் தீர்த்துக்கொள்வதற்கு என்று பிரித்தது. ஏழு பேர் கப்பலேற நான்கு பேருக்குப் பிரஜாவுரிமை என்று விகிதமும் குறிக்கப்பட்டது. காயஸ் உயிரோடிருந்து இதைப் படித்திருந்தால் ஆள் அத்தியாயத்தில் தேடியிருக்க மாட்டார். பொருள் அத்தியாயத்தில் பாகப்பிரிவினையைப் பற்றிய பக்கங்களைப் புரட்டியிருப்பார்.

2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வேறு பிரமாணத்தைக் கேட்டது: அந்த அக்டோபர் நாள் முதல் இங்கே நிரந்தரமாக வாழ்ந்துவரும் இந்திய வம்சாவளியினரும் அவர் சந்ததியாரும் பிரஜைகள். வாழ்ந்ததே போதும் என்றது. ஐம்பத்தைந்து ஆண்டுகள் கழித்து ஆட்சி ஒப்புக்கொள்ளப்பட்டது. ஆனால் ஆள் விஷயத்தில் மட்டுமே. 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டம், பிறர் உரிமையை ஏற்காமல் பத்தாண்டு தடையின்றி ஒரு நிலத்தை ஆண்டவனுக்கு அதனைச் சொந்தமாக்குகிறது. தோட்டத்து வரிசைக் குடியிருப்பாகிய லயத்துக் காம்பராவில் நான்கு தலைமுறையாக இருப்பவன் தோட்டத்தின் அனுமதியால் இருப்பவன் என்பதால், அவனுக்கு அந்தப் பத்தாண்டு தொடங்குவதே இல்லை. 2018இல் பூண்டுலோயாவின் டன்சினன் தோட்டத்தில் இந்திய உதவியில் கட்டப்பட்ட 404 வீடுகள் கையளிக்கப்பட்டன. வீட்டோடு காணியும் வேண்டும் என்பது மலையகத்தின் கோரிக்கை. அந்தக் காணியை விற்கவும், ஈடு வைக்கவும், மகளுக்கு எழுதிக் கொடுக்கவும் இடந்தரும் பூரண உறுதி எல்லா லயத்துக்கும் வந்து சேரும்வரை, 1876ஆம் ஆண்டுச் சட்டம் மனைவிக்கு ஒதுக்கிய பாதிக்கு அங்கே வேலையில்லை.