காத்திருக்க வேண்டாம்

கீவில் மின்வெட்டு. அங்கிருந்து இணையம் வழியே என்னிடம் ஆங்கிலம் பேசிப் பழகும் அம்மையார் ஒரு வரி அனுப்பினார்: 'யூ மஸ்ட் நாட் வெயிட் ஃபார் மீ.' எனக்காகக் காத்திருக்கக் கூடாது! சுருக்கென்றது. பிறகுதான் உறைத்தது. 'காத்திருக்க வேண்டாம், உங்கள் வேலையைப் பாருங்கள்' என்பதைத்தான் அப்படிச் சொல்லியிருக்கிறார்.

*

உக்ரைன் மொழியில் 'மூசிஷ்' என்றால் நீ செய்தே ஆக வேண்டும். முன்னால் 'நே' போட்டால் கட்டு அவிழ்ந்துவிடும்; செய்வதும் விடுவதும் உன் பாடு. ஆங்கில மஸ்ட்டோடு நாட் சேர்ந்தால் கட்டு அவிழ்வதில்லை, கதவு சாத்தப்படுகிறது. அவருக்கு வேண்டியிருந்தது 'டோன்ட் ஹேவ் டு'. தடை சொல்ல உக்ரைன் மொழியில் 'நே மோஷ்னா' தனியே இருக்கிறது. மஸ்ட் நாட்டுக்கு அதுதான் ஜோடி.

இத்தனைக்கும் மஸ்ட்டும் மூசிஷும் ஒரே வேரில் வந்தவை. ஜெர்மன் வினை ஒன்று போலிஷ் வழியே உக்ரைனுக்குப் போயிற்று. அதன் உடன்பிறப்பு இங்கிலாந்தில் மஸ்ட் ஆனது. பழைய ஆங்கிலத்தில் அந்த வினைக்கு 'அனுமதி உண்டு' என்றும் பொருள். மஸ்ட் நாட்டில் இன்னும் அந்த வாசனைதான் அடிக்கிறதோ என்னவோ.

*

'மெனி த்ரெபா' என்பார்கள் உக்ரைனியர்கள்: எனக்குத் தேவை. தேவை எங்கிருந்தோ வந்து ஆளைத் தொடுகிறது. 'எனக்குப் பசிக்கிறது' என்று சொல்லி வளர்ந்தவனுக்கு இதில் வியப்பில்லை. ஆங்கிலம் 'ஐ' என்று ஆளை முன்னே நிறுத்திச் சுமையைத் தலையில் ஏற்றுகிறது.

'மஸ்ட் டு கோ' என்ற பிழையும் அடிக்கடி வரும். அவர்கள் மொழியில் எச்சவினை பெரும்பாலும் 'தி' என்று முடியும்; வால் இல்லாத வினையைப் பார்த்தால் கை சும்மா இருப்பதில்லை, ஒரு 'டு'வை ஒட்டிவிடும். திருத்திவிடலாம், பெரிய விஷயமல்ல.

*

உக்ரைன் மொழியில் கடமையைச் சொல்ல ஆண் 'பொவீனென்' என்பார், பெண் 'பொவீன்னா' என்பார். இரண்டுக்கும் உள்ளே 'வினா' இருக்கிறது. நம் வினா அல்ல. அங்கே அதற்குக் குற்றம் என்று பொருள். ஆங்கில ஷுட், ஒருகாலத்தில் கடன்பட்டிருப்பதைக் குறித்த வினையின் இறந்தகாலம். நம் கடமையும் கடனுக்கு உறவுதான். மூன்று மொழியிலும் 'செய்ய வேண்டும்' என்பதற்கு அடியில் யாருக்கோ ஏதோ பாக்கி.

*

2024-இல் உக்ரைன் ஆங்கிலத்தைச் சர்வதேசத் தொடர்பு மொழியாக ஏற்றுச் சட்டம் செய்தது. சில அரசுப் பதவிகளுக்கு அது தெரிந்தே ஆக வேண்டும். இங்கே மஸ்ட் பொருந்தும் என்று அம்மையாரே சொன்னார்.

அன்று முக்கால் மணி நேரம் காத்திருந்தேன். மின்சாரம் வரவில்லை.