யாருடைய அறிவு பெரிது?

பழைய செப்புத் திருமேனி ஒன்று எக்காலத்தது? கலை வரலாற்றாளர் அணிகலனையும் ஆடை மடிப்பையும் நோக்குவார். கல்வெட்டாளர் எழுத்தைத் தேடுவார். பெரும்பாலான திருமேனிகளிலோ எழுத்தே இல்லை.

1990களில் சாரதா ஸ்ரீநிவாசன், நூற்றுக்கும் மேற்பட்ட தென்னிந்திய உலோகத் திருமேனிகளில் சிறு துகள் எடுத்து ஆராய்ந்தார். ஈயத்தின் ஐசோடோப்பு விகிதங்களை அளந்தார். ஈயம் எந்தத் தாதுவில் பிறந்ததோ அதன் அடையாளம் உருக்கிய பின்னும் அழிவதில்லை. காலம் தெரிந்தவற்றோடு ஒப்பிட்டுக் காலம் தெரியாதவற்றை அவர் வகைப்படுத்தினார். வேதியியல் இங்கே கலை வரலாற்றை விலக்கவில்லை. அதன் தோள்மீது நின்றே அதற்குத் துணைசெய்தது.

அவர் சுவாமிமலை ஸ்தபதியரின் செய்முறையையும் பதிவு செய்தார். தேன்மெழுகும் குங்கிலியமும் சேர்த்து உரு வடித்து, காவிரி வண்டல் மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அவ்விடத்தில் உலோகம் வார்ப்பது அவர்கள் மரபு. எந்தப் பதத்தில் மெழுகு இளகும், எந்த மண் வெடிக்காது என்பதை அவர்களின் கைகளே அறியும்.

இங்கேதான் அறக்கேள்வி எழுகிறது. ஸ்தபதி ஆய்வுக்குரிய பொருளா, ஆய்வில் பங்காளரா? பட்டம் பெற்றவர் அறிந்ததை ‘அறிவு’ என்றும், கைவினைஞர் அறிந்ததை வெறும் ‘தகவல்’ என்றும் பிரிப்பது நீதியன்று.

அறிவு துண்டுபட்டால் மனிதனின் அக ஒருமையும் குலையும் என்பதைத் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 1998ஆம் ஆண்டுச் சுற்றுமடலில் உணர்த்தினார். ஒரே உடலின் உறுப்புகள் பற்றித் தூய பவுல் கொரிந்தியருக்குப் புகட்டிய பாடமும் அதுவே. அறிவுத் துறைகள் ஒன்றுகூடக் கருவிகள் மட்டும் போதா, தாழ்ச்சி வேண்டும். தன் எல்லையை ஒப்புக்கொள்பவனே அடுத்தவனிடம் உண்மையாகக் கேள்வி கேட்கிறான். உண்மை ஒருவர் உடைமையன்று, அது இறைவனுடையது.