நீங்க வந்தப்பவே ஓடிக்கிட்டுதானே இருந்துச்சு?

"சார், நீங்க மனை வாங்க வந்தப்பவே இது ஓடிக்கிட்டுதானே இருந்துச்சு?"

பெண்ணாடத்தில் வீடு கட்டிக் குடியேறிய ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரிடம், பக்கத்துப் பீங்கான் பட்டறையை நடத்தும் இளைஞர் கேட்ட கேள்வி இது. கோபமாகக் கேட்கவில்லை. நாற்காலி போட்டு, டீ வரவழைத்துக் கொடுத்துவிட்டுத்தான் கேட்டார். அதனாலேயே பதில் சொல்வது கடினமாகிவிட்டது. சண்டை போட்டிருந்தால் இவரும் இரண்டு வார்த்தை பேசிவிட்டு வந்திருப்பார்.

பட்டறை சின்னது. தகரக் கூரை, நாலைந்து ஆட்கள். பக்கத்து விருத்தாசலத்துத் தொழிற்பேட்டையில் செய்வதைப் போலவே இங்கும் பொம்மைகள், ஃபியூஸ் கட்டைகள். தொல்லை தருவது 'பால் மில்' மட்டும்தான். பெரிய உருளைக்குள் படிகக்கல், பெல்ஸ்பார், களிமண், தண்ணீர் எல்லாவற்றையும் கூழாங்கற்களோடு சேர்த்துப் போட்டுச் சுற்றவிடுவார்கள். கற்கள் உருண்டு உருண்டு கலவையை மாவாக்கும். ஒரு சுமை அரைபடப் பல மணி நேரம் ஆகும். நடுவில் நிறுத்தினால் கனமான தூள் அடியில் படிந்துவிடும் என்பதால், போட்டதை முடித்துத்தான் நிறுத்துவார்கள். பகலில் அந்தச் சத்தம் பேருந்து, லாரி, ஒலிபெருக்கி இரைச்சலில் கரைந்துபோகிறது. ராத்திரியில் அது மட்டும்தான் மிஞ்சுகிறது.

ஆசிரியருடைய மனம் திரும்பத் திரும்பப் போய் நிற்கும் இடம் ஒன்று உண்டு. மனை பார்க்கப் போனது பகல் பதினொரு மணிக்கு. எல்லோரும் அப்படித்தானே போகிறார்கள்? வில்லங்கம் பார்ப்பார்கள், கிணற்றில் தண்ணீர் எத்தனை அடியில் என்று கேட்பார்கள், தெரு அகலத்தை அளப்பார்கள். ராத்திரி பதினொரு மணிக்குப் போய் நின்று காது கொடுத்துப் பார்த்தவரை யாரும் கண்டிருக்க மாட்டார்கள். அன்று பால் மில் ஓடியதா? ஓடியிருக்கலாம். பகலில் ஓடியதைக் கேட்டிருந்தாலும், அது ராத்திரியும் ஓடும் என்பதை அதிலிருந்து எப்படித் தெரிந்துகொள்வது?

சத்தத்தோடு தூங்கிப் பழகியவர்தான் அவரும். விழுப்புரத்திலிருந்து விருத்தாசலம் வழியாகத் திருச்சிக்குப் போகும் கார்டு லைன் பெண்ணாடத்தைத் தொட்டுக்கொண்டு போகிறது. அவர் பையனாக இருந்த காலத்தில் அது நீராவி எஞ்சின். ராத்திரி மெயில் வண்டி கடக்கும்போது ஓட்டு வீட்டில் பாத்திரங்கள் அதிரும். ஒருவரும் விழிக்க மாட்டார்கள். கடைத்தெருவில் நெல் அரைக்கும் மில் ஒன்று ஆயில் எஞ்சினில் ஓடியது. அறுவடைக் காலத்தில் 'டக் டக்' என்ற சத்தம் நடுநிசி வரை கேட்கும். அவருடைய அம்மாவுக்கு அது தாலாட்டு மாதிரி. எஞ்சின் நின்ற பிறகுதான், "ஏண்டா, என்னாச்சு?" என்று கண் விழிப்பாள். இந்த ஊர்க் கோயிலுக்கே தூங்கானைமாடம் என்று பெயர். கருவறை விமானம் படுத்த யானையின் முதுகுபோல் வளைந்திருக்கும். யானை தூங்கும் ஊரில் வாத்தியாருக்குத் தூக்கமில்லை என்று நண்பர் ஒருவர் கேலி செய்தார்.

அன்றைய ரயில் இரைச்சல் இன்றைய உருளையைவிடப் பெரியது, சந்தேகமில்லை. ஆனால் ரயில் போய்விடும். உருளை போகாது. இதைவிட அவரை உறுத்தும் காரணம் இன்னொன்று: அந்த மில்லில் அரைத்தது அவர்கள் வீட்டு நெல். அம்மா அமைதியாகத் தூங்கியதற்கு அந்த அரிசிக்கும் பங்கு இருந்திருக்கலாம்.

எப்போதோ படித்த ஒரு லண்டன் வழக்கு இப்போது அரைகுறையாக நினைவுக்கு வந்தது. தேடிப் பார்த்துச் சரிசெய்துகொண்டார். விக்மோர் தெருவில் ஒரு மிட்டாய்க்காரர், தன் சமையற்கட்டில் உரலும் உலக்கையும் வைத்து இடித்துக்கொண்டிருந்தார். அவருடைய தகப்பனார் காலத்திலிருந்தே நடந்துவந்த தொழில். பக்கத்து வீட்டுக்கு 1865-இல் ஒரு மருத்துவர் வந்தார். அப்போது தகராறு இல்லை. 1873-இல் தோட்டத்துக் கோடியில், சமையற்கட்டுச் சுவரை ஒட்டி, நோயாளிகளைப் பார்க்க அறை ஒன்று கட்டினார். ஸ்டெதாஸ்கோப்பில் நெஞ்சுத் துடிப்பைக் கேட்க முடியாதபடி உலக்கைச் சத்தம். வழக்கு போட்டார். மிட்டாய்க்காரர் சொன்னதும் நம் இளைஞர் சொன்னதும் ஒன்றுதான்: இருபது வருடத்துக்கு மேல் இடித்திருக்கிறேன், நீ நேற்று வந்தவன். 1879-இல் தீர்ப்பு மருத்துவர் பக்கம் வந்தது. அறை கட்டும்வரை அந்தச் சத்தம் யாருக்கும் தொல்லையாக இல்லை. தொல்லையே இல்லாத காலத்தை உரிமைக் கணக்கில் சேர்க்க முடியாது என்றார்கள் நீதிபதிகள்.

ஆக, முதலில் வந்தது எது என்பது சட்டத்துக்குப் பெரிய விஷயமில்லை. நம் நாட்டிலும் 1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம், இருபது வருடம் தடையின்றி நடந்தால்தான் உரிமை என்ற அதே கணக்கைத்தான் வைத்திருக்கிறது. உத்தரப் பிரதேசத்தில் குடியிருப்புக்குள் மாவு மில் ஓடக்கூடாது என்று கேட்டுப் போனவருக்கு அலகாபாத் உயர் நீதிமன்றம் 1978-இல் தடை உத்தரவை உறுதி செய்து கொடுத்தது. ஆசிரியருக்கு இது ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை. காரணம், ரொனால்ட் கோஸ் என்ற பொருளியலாளர் 1960-இல் இதே மிட்டாய்க்காரரை எடுத்துக்கொண்டு எழுதிய கட்டுரை. தொல்லை ஒருவரால் மட்டும் உண்டாவதில்லை என்றார் கோஸ். உலக்கை இல்லாவிட்டால் தொல்லை இல்லை. அறை இல்லாவிட்டாலும் தொல்லை இல்லை. மருத்துவரைக் காப்பாற்றினால் மிட்டாய்க்காரருக்கு நஷ்டம். யாருக்கு நஷ்டம் வருவது மேல் என்றுதான் கேட்க வேண்டும். 1991-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. படிக்கும்போது புத்திசாலித்தனமாக இருந்த வாதம், ராத்திரி இரண்டு மணிக்கு விழித்துக் கிடக்கும்போது எரிச்சலூட்டுகிறது.

ஒலி மாசு விதிகள் 2000-இல் வந்தவை. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45. தொழிற்பகுதிக்கு 75, இரவில் 70. இரவு என்றால் பத்து மணியிலிருந்து காலை ஆறு வரை. புகார் கொடுக்க வேண்டுமானால் வரம்பைவிட 10 டெசிபல் கூடுதலாக இருக்க வேண்டும். டெசிபல் கணக்கில் பத்து கூடினால் ஒலி ஆற்றல் பத்து மடங்கு. ஐரோப்பாவுக்காக உலக சுகாதார நிறுவனம் 2009-இல் வகுத்த இரவு வரம்போ 40 மட்டுமே. பெண்ணாடம் மாதிரியான ஊரில் வீடு எங்கே முடிகிறது, பட்டறை எங்கே தொடங்குகிறது? ஒரே தெருவில் இரண்டும் முதுகோடு முதுகு ஒட்டி நிற்கின்றன. அந்தத் தெருவுக்கு எந்த எண் பொருந்தும் என்பதிலேயே பாதி வழக்கு முடிந்துவிடும்.

ராத்திரியில் ஏன் ஓட்ட வேண்டும் என்று அவர் கேட்டபோது கிடைத்த பதில் எதிர்பாராதது. கரண்ட் பில். தமிழ்நாட்டில் உயரழுத்த இணைப்புள்ள ஆலைகளுக்கு இரவு பத்திலிருந்து காலை ஐந்து வரை 5 சதவீதச் சலுகை உண்டு. சின்னப் பட்டறைகளுக்கு அந்தச் சலுகை இல்லை; 2022-இல் கட்டணம் உயர்ந்தபோது உச்ச நேரக் கூடுதல் கட்டணம் மட்டும் அவர்கள் தலையிலும் விழுந்தது. அதை எதிர்த்துச் சிறுதொழில் சங்கங்கள் போராடின. மாலை உச்ச நேரம் முடிவது இரவு பத்து மணிக்கு. இளைஞர் சுவிட்சைப் போடுவதும் பத்து மணிக்குத்தான். மின்சாரத் துறையின் அட்டவணை 'இப்போது ஓட்டு' என்று சொல்லும் நேரமும், ஒலி விதி 'இப்போது அடங்கு' என்று சொல்லும் நேரமும் ஒன்றே. இரண்டையும் எழுதியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

உருளைக்குப் பக்கத்தில் நிற்கும் ஆள் எதற்கும் கத்தித்தான் பேசுகிறார். ஆசிரியர் அதைக் கவனித்தார். சோமனூர், பல்லடம் பக்கம் விசைத்தறிக் கூடங்களில் வேலை செய்பவர்களும் அப்படித்தான், வீட்டிலும் கத்திப் பேசுவார்கள். இரைச்சலால் காது மந்தமாவதை 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் அறிவிக்கவேண்டிய நோய்களின் பட்டியலில் சேர்த்தது. நாலைந்து பேர் வேலை செய்யும் கொட்டகைக்குள் அந்தப் பட்டியலோடு நுழைந்தவர் யாருமில்லை. ஆசிரியர் எழுதத் தொடங்கிய மனுவிலும் அந்த ஆளைப் பற்றி ஒரு வரி இல்லை. மனுக்கள் பொதுவாக மதில் சுவருக்கு இந்தப் பக்கத்திலிருந்துதான் எழுதப்படுகின்றன.

வழி இல்லாமல் இல்லை. உருளையின் உட்புறத்துக்கு ரப்பர் உறை போடலாம். அடியில் அதிர்வு தாங்கும் கட்டை வைக்கலாம். தகரத்துக்குப் பதில் செங்கல் சுவர் எழுப்பலாம். பணம் யார் கொடுப்பது என்பதில்தான் எல்லாம் நிற்கிறது. இளைஞர் கொடுத்தால் ஃபியூஸ் கட்டையின் விலை ஏறும், பிளாஸ்டிக்கோடு போட்டி போட முடியாது. ஆசிரியர் பாதி கொடுக்கலாம் என்று மனைவியிடம் சொன்னார். "சத்தம் போடறது அவங்க, காசு குடுக்கறது நாமளா?" என்று அவர் திருப்பிக் கேட்டார். கோஸிடம் இதற்குப் பதில் இருக்கலாம். மனைவியிடம் சொல்லக்கூடிய பதிலாக அது இல்லை.

திங்கட்கிழமை குறைதீர் நாளில் ஆட்சியரிடம் மனுக் கொடுத்தால் அதிகாரிகள் வரக்கூடும், கருவி வைத்து அளக்கக்கூடும், பட்டறையை மூடவும் சொல்லக்கூடும். அப்படி மூடினால் தனக்குத் தூக்கம் வருமா என்று அவருக்கே தெரியவில்லை. மனு இப்போது வேறு மாதிரி எழுதப்பட்டிருக்கிறது. பட்டறையை மூடச் சொல்லவில்லை. சின்னப் பட்டறைகள் உச்ச நேரக் கூடுதல் கட்டணம் இல்லாமல் மாலையில் ஓட்டிக்கொள்ள வழி செய்யுங்கள், ரப்பர் உறைக்கு மானியம் கொடுங்கள், வேலையாட்களின் காதைச் சோதியுங்கள் என்று கேட்கிறது. கையெழுத்துப் போடச் சொல்லி அந்த இளைஞரிடமும் ஒரு பிரதியைக் கொடுத்திருக்கிறார். அவர் இன்னும் போடவில்லை.