கையெழுத்தும் சம்மதமும்

அளவைக் குறைப்பதும் நிறுவையில் ஏய்ப்பதும் பாவம் என்பது வியாபாரிகளாகிய நமக்குத் தெரிந்த விஷயம். மதரஸாவில் அலிஃப், பே ஓதிய காலத்திலேயே அதைக் கேட்டு வளர்ந்திருக்கிறோம். ஆனால் தராசும் படியும் இல்லாத ஒரு வியாபாரம் உண்டு. அதுதான் கடன் வியாபாரம். அதிலே எது நியாயம், எது மோசடி என்று கேட்டால் நம்மில் பலர் சொல்லும் விடை ஒன்றே: "அவன்தான் கையெழுத்துப் போட்டானே!" இந்த விடை போதுமா என்பதையே இங்கு ஆராய விரும்புகிறோம்.

கெர்லிங் முதல் கோலசிலாங்கூர் வரையுள்ள தோட்டப்புறங்களுக்குக் கடன் புதிதன்று. சம்பளம் மாதத்துக்கு ஒரு தடவை. வயிற்றுக்கோ தினம் மூன்று வேளை. இடைப்பட்ட நாட்களைத் தாங்கிவந்தது கடைப்பற்றுதான். அந்தப் பற்றை எழுதிய 555 நோட்டுப் புத்தகத்தை அறியாதவர் இந்த வட்டாரத்தில் யார்? கடன் கொடுப்பது உபகாரம் என்பதை நாம் மறுக்கவில்லை. அந்த உபகாரம் எந்த இடத்தில் அபகாரமாக மாறுகிறது என்பதே கேள்வி.

பணக் கடனை முதலில் பார்ப்போம். இந்நாட்டில் வட்டித் தொழிலுக்கென்று 1951-ஆம் ஆண்டின் சட்டம் இருக்கிறது. ஈடில்லாத கடனுக்கு வருஷத்துக்கு 18 சதவீதமும், ஈடுள்ள கடனுக்கு 12 சதவீதமும்தான் உச்ச வரம்பு. வட்டிக்கு வட்டி கூடாது. பணம் கைமாறுவதற்கு முன்பே ஒப்பந்தத்தின் பிரதி கடன் வாங்குபவரிடம் சேர வேண்டும். இவ்வளவு இருந்தும் நடப்பதென்ன? ஆயிரம் வெள்ளிக்குக் கையெழுத்து. கையில் கிடைப்பது 850. வங்கி அட்டையும் அதன் ரகசிய எண்ணும் கொடுத்தவரின் பையில். அந்தப் பத்திரத்தில் கையெழுத்து மெய்தான், தொகைதான் பொய்.

"வட்டி நமக்கு ஹராம், ஆகவே இது நம்மைச் சேர்ந்த விஷயமன்று" என்று சிலர் ஒதுங்கலாம். அவர்கள் தவணை வியாபாரத்தைப் பார்க்கட்டும். ஒருவர் 10,000 வெள்ளி கடனில் வண்டி எடுக்கிறார். "நூற்றுக்கு ஐந்துதான், ஐந்து வருஷம்" என்கிறார்கள். மொத்த வட்டி 2,500 வெள்ளி. மாதாமாதம் முதல் குறைந்துகொண்டே வருகிறது. வட்டியோ கடைசி மாதம் வரை முழுப் பத்தாயிரத்துக்கும் போடப்பட்டிருக்கிறது. சரியாகக் கணக்கிட்டால் வருஷத்துக்கு ஒன்பது சதவீதத்துக்கும் சற்று மேல். ஐந்து என்று சொன்னது பொய்யன்று. ஒன்பது என்பதைச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அந்தச் சொல்லாமைக்கு நம் மார்க்கம் என்ன பெயர் கொடுக்கிறது? நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டபோது அடியில் ஈரம் தட்டுப்பட்ட வரலாறு நாம் அறிந்ததே. அந்த வியாபாரி பொய் பேசவில்லை. மழையில் நனைந்ததை மேலே வைக்காமல் அடியில் வைத்தார். அதையே ஏமாற்று என்று கண்டித்தார்கள். பத்திரத்தின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் கிடக்கும் நிபந்தனையும் அடியில் கிடக்கும் ஈரமல்லவா?

இன்னொன்றையும் யோசிப்போம். கடனை எழுதிவைக்கும்படி கட்டளையிடும் சூரத்துல் பகராவின் 282-ஆம் வசனம், வாசகத்தைச் சொல்ல வேண்டியவர் கடன் பட்டவரே என்கிறது. அவரால் இயலாவிட்டால் அவருடைய பொறுப்பாளர் சொல்ல வேண்டும். இதன் நுட்பம் என்ன? தன் வாயால் சொல்ல முடிந்தவனுக்குத்தான் அது விளங்கியிருக்கிறது. இன்று நாம் செய்வது இதற்கு நேர்மாறு. கொடுப்பவர் வாசகம் எழுதுகிறார். வாங்குபவர் அடியில் கோடு இழுக்கிறார். கை இயங்கியது, புத்தி இயங்கியதா? விளங்காத ஒன்றுக்குச் சம்மதம் எப்படி வரும்?

"எல்லாவற்றையும் விளக்கினால் வியாபாரம் நடக்குமா? பாக்கி விழுந்தால் நஷ்டம் யாருக்கு?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். நஷ்டபயத்துக்கு விலை வைக்க வழி இருக்கிறது. ரொக்க விலை இவ்வளவு, தவணை விலை இவ்வளவு என்று முதலிலேயே சொல்லி, இரண்டில் ஒன்றை முடிவு செய்துகொண்டால் கூடும் என்பதே பெரும்பாலான உலமாக்களின் கருத்து. தவணை தவறிய பிறகு விலையை ஏற்றினால்தான் அது வட்டியாகிறது. விளக்கிச் சொன்னதும் கலைந்துபோகும் வியாபாரமென்றால், அதில் வந்த லாபம் சரக்கிலிருந்து வந்ததன்று. எதிரே நின்றவரின் அறியாமையிலிருந்து வந்தது.

இதைவிடக் கடினமான நிலை ஒன்றுண்டு. எல்லாம் விளங்கியும் வேறு வழியில்லாமல் கையெழுத்திடுபவர் இருக்கிறார். பிள்ளைக்குக் காய்ச்சல், நேரம் இரவு. அவருடைய சம்மதம் முழுச் சம்மதமாகுமா? அடிக்காமல் மிரட்டாமலும் ஒருவரைக் கட்டிப்போடலாம் என்பதைச் சட்டமே அறிந்திருக்கிறது. இன்ன கடையில்தான் செலவழிக்க வேண்டும் என்று தொழிலாளிக்கு நிபந்தனை போடுவதையும், சில்லறைக் கடையில் வைத்துச் சம்பளம் கொடுப்பதையும் 1955-ஆம் ஆண்டின் வேலைச் சட்டம் தடுத்தது அதனால்தான். கஷ்டத்திலிருக்கும் கடனாளிக்கு அவகாசம் கொடுங்கள் என்று குர்ஆன் சொல்வதும் இந்த நிலையை எண்ணியே. அவருடைய அவசரம் நமக்குச் சந்தையாகலாகாது.

கைப்பேசியில் விரலால் தட்டி வாங்கும் கடன்களும் இப்போது வந்துவிட்டன. அவற்றையும் கண்காணிப்புக்குள் கொண்டுவருவதற்காக 2025-இல் நாடாளுமன்றம் நுகர்வோர் கடன் சட்டத்தை நிறைவேற்றியது. கடனில் மூழ்கியோருக்கு இலவசமாக ஆலோசனை கூற 2006-இல் ஏ.கே.பி.கே. என்ற நிறுவனம் அமைக்கப்பட்டது. நம் கடைக்கு வருவோருக்கு இதை எடுத்துச் சொல்லலாமே. ஆனால் எந்த அதிகாரியும் நம் 555 புத்தகத்தைத் தினம் பிரித்துப் பார்க்கப் போவதில்லை.

ஆகவே, நாமே பார்க்க வேண்டும். பற்று எழுதும்போது வாங்குபவர் கையிலும் ஒரு புத்தகம் இருக்கட்டும். தொகையை உரக்கச் சொல்லுங்கள். அதை அவரும் திருப்பிச் சொல்லட்டும். எழுதப் படிக்கத் தெரியாதவரானால் அவர் நம்பும் ஒருவர் கூட நிற்கட்டும். இதற்கு ஆவது ஒரு நிமிஷம். கடைசிக் கணக்கு பார்க்கப்படும் அந்த நாளில் நம் புத்தகமும் அவருடைய புத்தகமும் ஒன்றையே சொல்லுமாறு வாழ வல்ல அல்லாஹ் நமக்கு நல்லருள் புரிவானாக.