மேலோடு மாற்றுதல்

வவுனியாவின் கைபேசித் திருத்தும் கடைகளில் ‘ஹவுசிங் மாற்றுவது’ அன்றாட வேலை. கீறலும் வெடிப்பும் விழுந்த மேலோட்டைக் கழற்றிவிட்டு, பழைய உறுப்புகளைப் புதிய ஓட்டுக்குள் பொருத்திக் கொடுப்பார்கள். பழைய கேம்போய் போன்ற கையடக்க விளையாட்டுக் கருவிகளுக்கு இதே வேலையை வீட்டு மேசையிலேயே செய்துகொள்ளலாம். நின்டெண்டோ நிறுவனம் 1989இல் வெளியிட்ட கேம்போயின் பின்புறத் திருகாணிகள் மூன்று சிறகுத் தலை கொண்டவை. சாதாரணத் திருப்புளி அவற்றில் பிடிக்காது. உரிய திருப்புளி கிடைத்துவிட்டால் மீதிக்குப் பொறுமைதான் வேண்டும். வெயில் பட்டு மஞ்சளித்த பிளாஸ்டிக் போய், கருவி புதுமெருகோடு கைக்கு வந்துவிடும்.

இப்போது கையிலிருப்பது அதே கருவிதானா?

மின்சுற்றுப் பலகை மாறவில்லை, ஆகவே அதே கருவிதான் என்று சொல்லிவிடுவது இலகு. ஆனால், இத்தனை காலமும் நாம் தொட்டது மேலோட்டை மட்டுமே. விரல் பட்டுத் தேய்ந்த இடமும், பிள்ளையொன்று ஆணியால் கீறிய பெயரும், விழுந்து உடைந்த மூலையும் அதில்தான் இருந்தன. தொடரிலக்கம் கூடப் பின்னோட்டில் ஒட்டிய தாளில்தான் இருக்கிறது. ஓட்டை வீசினால் கருவியின் அடையாள அட்டையும் கூடவே போகிறது.

எனினும் வெளியே ஒட்டியிருப்பதே அடையாளம் என்று ஒப்புக்கொள்ள வவுனியா மனிதருக்கு மனம் வராது. 1990களின் பிற்பகுதியில், வன்னியிலிருந்து இடம்பெயர்ந்து வந்தவர்கள் இந்த நகரில் தங்கவும் இங்கிருந்து தெற்கே போகவும் பாஸ் வேண்டியிருந்தது. பாஸின் திகதி முடிந்துவிடும், மனிதர் முடிந்துவிடுவதில்லை. அதை அனுபவத்தில் கண்ட ஊர் இது.

அப்படியானால் மேலோட்டின் வடுக்களுக்கு மதிப்பே இல்லையா? 1990-91 வளைகுடாப் போரின்போது அமெரிக்கப் படையாள் ஒருவரின் கேம்போய் தீயில் சிக்கியது. ஓடு உருகிக் கருகியும் கருவி இயங்கிற்று. நிறுவனம் அவருக்கு வேறொன்றைக் கொடுத்துவிட்டு அதைத் தன்னிடம் வைத்துக்கொண்டது. நியூயோர்க்கிலுள்ள அதன் விற்பனை நிலையத்தில், 2023 வரை பல ஆண்டுகள், அது பார்வைக்கு இருந்தது. ஓட்டை மாற்றியிருந்தால் யாரும் அதைத் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனால் அந்தக் காயம் அங்கே போரைப் பற்றிப் பேசியதைவிடப் பொருளின் உறுதியைப் பற்றியே அதிகம் பேசியது.

நம் பக்கத்திலும் இதற்கொரு உதாரணம் உண்டு. யுத்தத்தின் இறுதிக் கட்டத்தில் வீழ்த்தப்பட்ட கிளிநொச்சி நீர்த்தாங்கி, 2009க்குப் பின் ஏ9 வீதியோரத்தில் விழுந்தபடியே காட்சிப்பொருளாக வைக்கப்பட்டது. தெற்கிலிருந்து வந்தவர்கள் வாகனத்தை நிறுத்திப் படம் எடுத்தார்கள். அதே காலத்தில், திரும்பி வந்த குடும்பங்கள் தங்கள் சுவர்களின் குண்டுத் துளைகளைச் சாந்து பூசி அடைத்துக்கொண்டிருந்தன. சாந்து பூசியவர்கள் வரலாற்றை மறைத்தார்கள் என்று யாரேனும் சொல்வார்களானால், அவர்கள் அந்த வீட்டில் ஒரு மழைக்காலம் இருந்து பார்க்கட்டும். வடுவை வைத்திருப்பதா, மூடுவதா என்று தீர்மானிக்கும் உரிமை முதலில் அதனோடு வாழ்பவருக்கே உரியது. வழிப்போக்கருக்கு அது காட்சி; வீட்டுக்காரருக்கு அது ஒழுகும் சுவர்.

ஆனால் இந்த உரிமைக்கும் எல்லை உண்டு. பொருள் அடுத்தவர் கைக்குப் போகும் இடத்தில் அது தொடங்குகிறது. துருப்பிடித்த பலகையைப் பளபளக்கும் ஓட்டுக்குள் வைத்துப் புதியது போல் விற்பவர் மாற்றுவது ஓட்டை மட்டுமல்ல. நபியவர்கள் சந்தையில் தானியக் குவியலுக்குள் கையை நுழைத்தபோது விரல்களில் ஈரம் பட்ட செய்தியை நாம் அறிவோம். மேலே காய்ந்ததும் உள்ளே நனைந்ததுமாக இருந்தது அந்தக் குவியல். மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. நனைந்ததை மேலே வைத்திருக்கலாமே, மக்கள் பார்த்திருப்பார்களே என்பதே அவருக்குக் கிடைத்த பதில். தானியம் நனைந்தது குற்றமாகவில்லை. ஈரத்தை அடியில் வைத்ததே குற்றமாயிற்று.

மேலோட்டை மாற்றுபவருக்கும் அதுவே அளவுகோல் என்று தோன்றுகிறது. தனக்காக மாற்றுபவர் யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை. விற்கும்போதோ கொடுக்கும்போதோ, “ஓடு புதிது, உள்ளே பழையது” என்று ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். முடிந்தால் கழற்றிய பழைய ஓட்டையும் ஒரு பையில் போட்டுக் கூடவே கொடுக்கலாம். அதை வைத்திருப்பதும் வீசுவதும் இனி வாங்கியவர் பாடு.