தன் இதயத்தைப் படிக்கும் உரிமை

மனித உடலில் நிகழும் ஒன்றைக் கருவி அளந்து எண்ணாகப் பதியும்போது அந்த எண் யாருக்கு உரியது என்னும் வினா, சட்டத்தின் வினாவாகத் தோன்றினாலும் அடிப்படையில் மெய்யியலின் வினாவே ஆகும்; ஏனெனில் ஒருவர் எதைத் தன்னுடையது என்று சொல்லலாம் என்பதைத் தெளியாமல் அதற்கு விடை கூற இயலாது. அமெரிக்காவில் இவ்வினா மிகக் கூர்மையாக எழுந்தது ஐ.சி.டி. என்னும் கருவியை முன்னிட்டு. இதயத் துடிப்பு உயிருக்கு ஆபத்தாகும் அளவுக்குத் தாறுமாறாகும்போது மின்னதிர்ச்சி கொடுத்துச் சீராக்குவதற்காக மார்பின் தோலுக்கடியில் பொருத்தப்படும் இக்கருவி, துடிப்பின் போக்கை இடைவிடாமல் கவனித்துத் தன் நினைவகத்தில் குறித்துக்கொள்கிறது. அக்குறிப்புகள் படுக்கையருகே வைக்கப்படும் சிறு பெட்டி வழியாக உற்பத்தி நிறுவனத்தின் கணினிக்கும், அங்கிருந்து மருத்துவருக்கும் செல்கின்றன. எவருடைய மார்புக்குள் அவை பிறந்தனவோ அவருக்கு மட்டும் அவற்றை நேரடியாகப் பார்க்க வழியில்லாதிருந்தது.

இத்தகைய கருவியைத் தம் உடலில் தாங்கிய ஹியூகோ காம்போஸ், வழக்கறிஞர் கேரன் சாண்ட்லர் முதலியோர் இதை எதிர்த்தபோது குறுக்கே நின்றது, 1998இல் இயற்றப்பட்ட டி.எம்.சி.ஏ. என்னும் பதிப்புரிமைச் சட்டம். பதிப்புரிமை பெற்ற ஒன்றுக்கு இடப்பட்ட மின்னணுப் பூட்டை உரிமையாளரின் இசைவின்றித் திறப்பதை அச்சட்டம் தடுக்கிறது. விலக்கு வேண்டுவோர் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கும் பரிசீலனையில் விண்ணப்பிக்க வேண்டும். 2015இல் நோயாளிகளுக்கு விலக்கு கிடைத்தது. அவ்விலக்கை அளித்த ஆணையில், கருவி திரட்டிய தரவுகளின் தொகுப்பு 'இலக்கியப் படைப்பு' என்னும் சட்ட வகைக்குள் வைத்தே பேசப்படுகிறது. கதையும் கட்டுரையும் அடங்கும் வகையில் ஒருவரின் துடிப்பு வரிசையும் இடம்பெறுமானால், அதை இயற்றியவர் யார் என்று கேட்பது நியாயமே.

அறிவுசார் சொத்துரிமைக்கு, அதாவது அறிவின் ஆக்கத்தின்மீது ஆக்கியவருக்கு மட்டுமே தரப்படும் உரிமைக்கு, ஆதரவாகப் பெரிதும் எடுத்தாளப்படும் வாதம் 17ஆம் நூற்றாண்டின் ஆங்கிலேய மெய்யியலாளர் ஜான் லாக்கிடமிருந்து வருகிறது. ஒவ்வொரு மனிதனும் தனக்குத் தானே உரியவன், ஆகவே அவன் உழைப்பும் அவனுடையது, அவ்வுழைப்பைப் பொதுவில் கிடந்த பொருளோடு கலக்கும்போது அப்பொருளும் அவனுடையதாகிறது என்பது அவர் கருத்து. ஆபத்தான துடிப்பை ஆபத்தற்றதிலிருந்து பிரித்தறியும் கணிப்புமுறை பொறியாளர்களின் நெடிய உழைப்பால் விளைந்தது. அதற்குப் பாதுகாப்பு இல்லையேல் முதலீடு வராது, முதலீடு இல்லையேல் கருவியும் இல்லை என்போரின் கூற்றில் வலு உண்டு. ஆனால் லாக் பேசிய பொருள் பொதுவில் கிடந்தது. இதயம் அப்படிக் கிடந்ததன்று. அவருடைய வாதம் தொடங்குவதே மனிதனுக்குத் தன்மீதுள்ள உரிமையிலிருந்து என்பதால், அவ்வாதத்தையே கொண்டு ஒருவரின் உடற்செய்தியை இன்னொருவருக்கு உரித்தாக்குவது, அடித்தளத்தைப் பெயர்த்து மாடி கட்டுவதாகும். அமெரிக்க உச்ச நீதிமன்றமும் 1991இல் தொலைபேசிக் கையேடு பற்றிய ஃபைஸ்ட் வழக்கில் வெறும் தகவல்களுக்குப் பதிப்புரிமை இல்லை என்றும், 2012இல் மேயோ வழக்கில், இரத்தத்திலுள்ள மருந்து விளைபொருளின் அளவுக்கும் மருந்தின் பயனுக்கும் உள்ள தொடர்பு இயற்கை விதியே ஆதலால் அதற்குக் காப்புரிமை பெற முடியாது என்றும் தீர்ப்பளித்துள்ளது.

அப்படியானால் தரவின் உடைமையாளர் நோயாளியே என்று முடித்துவிடத் தோன்றும். அம்முடிவிலும் ஆபத்து உண்டு. உடைமை எனப்படுவது விற்கத்தக்கது, விற்றபின் விற்றவருக்கு அதன்மேல் உரிமை எதுவும் எஞ்சுவதில்லை. மனிதன் தன்னை ஆள்பவனே அன்றித் தனக்கு உடைமையாளன் அல்லன் என்று இம்மானுவேல் காண்ட் 1797இல் வாதிட்டார். வேறொரு வழியில் சென்ற சைவ சித்தாந்தமும், தனு, கரணம், புவனம், போகம் என்னும் நான்கையும், அதாவது உடலையும் உட்கருவிகளையும் உலகையும் நுகர்பொருளையும், உயிர் மலத்திலிருந்து விடுபடும்பொருட்டு இறைவன் தந்தவையாகவே கொள்கிறது. இரண்டும் ஒன்றல்ல, எனினும் உடலின்மேல் மனிதனுக்கு உள்ளது விற்பனை உரிமை அன்று, பேணும் பொறுப்பே என்ற அளவில் இரண்டும் இசைகின்றன. பேண வேண்டியவருக்கு அறியும் வழி மறுக்கப்படலாகாது. ஒப்புதல் படிவத்தில் இட்ட கையெழுத்து ஒன்றால் அறியும் உரிமை பறிபோகவும் கூடாது.

2015இன் விலக்கு, கருவி ஏற்கெனவே அனுப்பிக்கொண்டிருந்த சமிக்ஞைகளை நோயாளி கேட்டறிய மட்டுமே இடமளித்தது. கருவியை இயக்கும் மூலநிரலை, அதாவது நிரலாளர் எழுதிய கட்டளைத் தொகுதியை, நிறுவனம் காட்ட வேண்டும் என்று அது கட்டாயப்படுத்தவில்லை. மூலநிரலைக் கேட்டுப் பெற முடியாத சாண்ட்லர் கருவுற்றிருந்தபோது, அக்காலத்தில் இயல்பாக எழும் படபடப்பைக் கருவி ஆபத்தாகக் கணித்து மின்னதிர்ச்சி கொடுத்தது. மகப்பேறு வரை அவர் துடிப்பைத் தணிக்கும் மருந்தை உட்கொள்ள நேர்ந்தது. அக்கணிப்பின் விதி அவர் உடலுக்குள்ளேயே இருந்தும் அவருக்கு மறைபொருளாயிற்று. பதிப்புரிமைக்கு மறைப்பு தேவையில்லை; எல்லோரும் படிக்கும் நூலுக்கும் அது உண்டு. காப்புரிமையோ, கண்டுபிடிப்பை வெளிப்படையாக விளக்க வேண்டும் என்ற நிபந்தனையின்பேரிலேயே வழங்கப்படுகிறது. மறைப்பைக் கோருவது வணிக இரகசியம் மட்டுமே. போட்டியாளருக்கு எதிராக ஏற்கத்தக்க அந்த இரகசியத்தை, கருவியைத் தன் இதயத்தோடு சுமப்பவருக்கு எதிராகவும் நீட்டிப்பதற்கு லாக்கின் வாதத்திலோ காண்ட்டின் வாதத்திலோ எந்த ஆதாரமும் இல்லை.